கச்சேரி, பாட்டு வகுப்பு, வரவு செலவு: வாசகர் கேள்வி பதில்

மதுரை வட்டாரத்தில் பாட்டையும் வாத்தியத்தையும் பிழைப்பாகக் கொண்டவர்களும், கொள்ள நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. வாய்ப்பாட்டு, மிருதங்கம், நாகசுரம் மூன்றிலும் மேடையும் வகுப்பும் அறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகளுக்கு 19 வயது. ஒன்பது வருஷமாகப் பாட்டு கற்கிறாள். பி.காம். இரண்டாம் ஆண்டு. ‘பாட்டுதான் இனி என் தொழில்’ என்கிறாள். மதுரையில் இருந்துகொண்டே இதில் பிழைக்க முடியுமா, சென்னைக்கு அனுப்பினால்தான் ஆகுமா?
– திருநகர் வாசகி

பிழைக்கலாம். ஆனால் கச்சேரியை மட்டும் நம்பி இறங்கினால் முடியாது. இந்தப் பக்கம் பாடுகிறவர்களுக்கு மாதாமாதம் அரிசி பருப்பு வாங்கிக் கொடுப்பது வகுப்புதான். கச்சேரிப் பணம் கொத்துக் கொத்தாக வரும். நவராத்திரி ஒன்பது நாளில் நாலு மேடை கிடைக்கும். அதற்குப் பிறகு மார்கழி வரை போன் அடிக்காது. தையில் ஒன்றிரண்டு கும்பாபிஷேகம், சித்திரையில் திருவிழா. ஆடியில் அம்மன் கோயில் மேடைகள் உண்டு. ஆனால் அங்கே கேட்பது பக்திப் பாட்டு. ராகம் தானம் பல்லவியை எடுத்தால் கூட்டம் கூழ் ஊற்றுகிற பக்கம் போய்விடும்.

கணக்குக்காக ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு வகுப்பு, மாதம் 1,000 ரூபாய், 24 பிள்ளைகள் என்றால் வரவு 24,000. பொதுத்தேர்வு நெருங்கும்போது பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பவர்கள் நின்றுவிடுவார்கள். ஆறேழு பேர் குறைந்தால் 17,000. ஆக, 24 பேர் இருக்கிற மாதத்திலும் 17 பேருக்கான செலவோடு இருக்கப் பழக வேண்டும். அந்த 24 பேரும் ஒரே விஜயதசமியில் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள், சேர நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் தாங்குவீர்களா என்பதுதான் உங்கள் மகளிடம் அல்ல, உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பி.காமை விட வேண்டாம். முடித்த கையோடு இசையில் ஒரு பட்டமோ பட்டயமோ வாங்கிவிடுவது நல்லது. பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. தனியார் பள்ளியில் பாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தால் மாதச் சம்பளம் என்ற ஒன்று வரும். அதற்கு முதலில் கேட்பது சான்றிதழைத்தான், குரலை அப்புறம்தான். இன்னொன்று: மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு இரண்டு வருஷம் உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய். உங்கள் மகளுக்கு வயது சரியாக இருக்கிறது. அறிவிப்பு வரும்போது குருவின் கடிதம், கற்ற ஆண்டுகளுக்கான சான்று இரண்டையும் கையில் தயாராக வைத்திருங்கள். கடைசி வாரத்தில் குருவைத் தேடி ஓடி விண்ணப்பம் தவறியவர்கள் நிறையப் பேர்.

சென்னை விஷயம். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சென்னைக்குப் போனவர்தான். ஆனால் ராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவம் மதுரையில் இருந்தே கற்பித்தார். அவரிடம் படித்தவர் பாடகர் டி.என். சேஷகோபாலன். குடிபோவது வேறு, போய்வருவது வேறு. டிசம்பரில் சபாக்கள் மதியம் இளையவர்களுக்கு மேடை தருகின்றன. பாண்டியன் ரயிலில் ராத்திரி ஏறி, காலையில் இறங்கி, பாடிவிட்டு மறுநாள் வந்துவிடலாம். அந்த மேடைகளில் கையில் நிற்கிற பணம் அநேகமாக ஒன்றும் இராது, பக்கவாத்தியக்காரர்களுக்கு உங்கள் கையிலிருந்துதான் போகும். அதை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘மேடை தருகிறோம், நன்கொடை கொடுங்கள்’ என்று யாராவது கேட்டால் மட்டும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய மேடையைக் கேட்டு அடுத்த மேடை வருவதில்லை.

வீட்டில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். விஜயதசமிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் சித்திரைக்குள் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். பெரும்பாலும் அலங்காரம் (தாளப் பயிற்சி வரிசை) தொடங்கியதும்தான். கோளாறு என்னிடமா?
– கே.புதூர் வாசகி

உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை. சரளி, ஜண்டை, தாட்டு ஆகிய தொடக்க வரிசைகள் வரை எல்லாமே ஆதி தாளம். எட்டு எண்ணினால் போதும், கை தானாகப் போகும். அலங்காரத்தில் திடீரென்று ஏழு தாளம் வந்து நிற்கிறது. துருவம் 14 எண்ணிக்கை, மட்டியம் 10, ரூபகம் 6, ஜம்பை 10, திரிபுடை 7, அட 14, ஏகம் 4. பிள்ளைகள் கழன்றுகொள்கிற இடம் அனேகமாக ஜம்பை. காரணம் விரலில் இருக்கிறது.

ஜம்பையில் லகுவுக்கு (தட்டி விரல் எண்ணும் பகுதி) ஏழு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல். இதோடு ஆறு ஆயிற்று. ஏழாவதற்கு மறுபடி சுண்டுவிரலுக்கு வர வேண்டும். பிள்ளை கட்டைவிரலோடு ‘முடிந்தது’ என்று நினைத்து அடுத்த தட்டைப் போட்டுவிடும். ‘ஸரிகஸரிஸரி – க – ம,’ என்று வாய் சரியாகப் போகும், கை ஒரு எண்ணிக்கை முந்தி நிற்கும். எங்கே தப்பு என்று அதற்குப் புரியாது, உங்களுக்குக் கோபம் வரும், அடுத்த வாரம் ‘வயிற்றுவலி’ என்று செய்தி வரும்.

இதற்கு மருந்து: ஜம்பை எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஸ்வரமே இல்லாமல் தாளத்தை மட்டும் போடச் சொல்லுங்கள். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று உரக்க எண்ண வேண்டும், ஏழில் சுண்டுவிரலைத் தொடும்போது கொஞ்சம் அழுத்த வேண்டும். கை பழகிய பிறகு முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்) மட்டும் ஸ்வரம். மூன்று காலத்தையும் அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஏழு அலங்காரத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் கீதம் என்ற பிடிவாதமும் வேண்டாம். ரூபகம் முடிந்ததும் ஒரு கீதம், அப்புறம் ஜம்பை என்று மாற்றி எடுத்தால் பிள்ளைக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் பெற்றோர். ஆறு மாதம் பணம் கட்டியும் வீட்டில் பிள்ளை ‘ஸரிகம’ தவிர ஒன்றும் பாடவில்லை. பொங்கலுக்கு வந்த அத்தை ‘ஒரு பாட்டுப் பாடு’ என்றால் முழிக்கிறது. மூன்றாவது மாதமே ஒரு சின்னப் பாட்டைக் கொடுத்துவிடுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாட்டுகள் (மேற்கத்திய மெட்டில் அமைந்தவை) இதற்கென்றே செய்தவை மாதிரி இருக்கும். சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கிடையாது, மெட்டு பிள்ளை வாயில் ஒட்டிக்கொள்ளும்.

சுருதியையும் பாருங்கள். பன்னிரண்டு பேரையும் ஒரே கட்டையில் (சுருதியின் அளவு) பாட வைத்தால் பாதிப் பேர் கத்துவார்கள், மீதிப் பேர் முனகுவார்கள். நாலு பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்காதீர்கள். 13, 14 வயதில் குரல் உடைகிற பையன்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அந்தச் சமயத்தில் மேல்ஸ்தாயி வரிசை வேண்டாம், சுருதியைத் தாழ்த்திக் கீழே மட்டும் பாடவிடுங்கள். இந்த வயதுப் பையன்கள் வெட்கத்தால்தான் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு நடுவில் குரல் கீச்சிட்டால் மறுநாள் வரமாட்டார்கள்.

கட்டணத்தை மாதத்துக்கு இவ்வளவு என்று வையுங்கள், வகுப்புக்கு இவ்வளவு என்று வேண்டாம். 5-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; பிள்ளை வராத வகுப்புக்கு ஈடு கிடையாது; நீங்கள் எடுக்காத வகுப்புக்கு ஈடு உண்டு. இந்த மூன்றையும் சேரும் நாளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெற்றிலை பாக்கோடு வாங்குகிற தட்சிணைக்கு விதியா என்று கூச்சப்பட்டால், மூன்றாம் மாதம் ‘இந்த மாசம் ரெண்டு வகுப்புதானே வந்தான், டீச்சர்’ என்று தொடங்குவார்கள்.

வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிறேன். கச்சேரி முடிந்து கவரைக் கையில் வாங்கும்போதுதான் சன்மானம் எவ்வளவு என்றே தெரிகிறது. முன்னால் கேட்டால் ‘காசுக்கு அலைகிறான்’ என்பார்களோ என்று பயம்.
– திண்டுக்கல் வாசகர்

கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூப்பிடுகிறவர் தேதியைச் சொன்னதும் நாலு விஷயத்தை ஒரே மூச்சில் கேளுங்கள்: “சரிங்கண்ணா, தேதி ஒழிவுதான். சுருதி என்ன, எத்தனை மணி நேரம், வண்டி யார் ஏற்பாடு, சன்மானம் எவ்வளவு?” சன்மானம் நாலாவதாக, சுருதியோடு சேர்ந்து வரும்போது அது தொழில் விசாரணை. அதையே கச்சேரிக்கு முந்தின நாள் தனியாகப் போன் போட்டுக் கேட்டால் சண்டை. பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வையுங்கள்: தேதி, இடம், மேடை ஏறும் நேரம், தொகை.

சுருதி கேட்பது மரியாதைக்காக அல்ல. ஆண் பாடகர் 1 கட்டை, பெண் பாடகர் 5 அல்லது 5½ என்றால் தந்தியின் இழுவையே மாறும். மேடையில் போய் ஏற்றினால் தந்தி நிலைக்க அரைமணி ஆகும், அதற்குள் வர்ணம் முடிந்து இரண்டாவது கிருதிக்கு வந்திருப்பார்கள். வீட்டிலேயே சுருதி சேர்த்து எடுத்துப் போங்கள், பெட்டியில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு மாற்று இருக்கட்டும்.

வழிச்செலவைத் தனியாகவே கேட்க வேண்டும். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, ராத்திரி பத்து மணிக்குத் திரும்பவும் ஆட்டோ என்றால் சன்மானத்தில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். ‘எல்லாம் சேர்த்து’ என்று சொல்கிறவரிடம் பேருந்துக் கட்டணத்தையும் ஆட்டோவையும் கூட்டிச் சொல்லி, பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்ட தேதியில் பெரிய மேடை வந்தால்? சின்ன மேடைக்குத்தான் போக வேண்டும். இந்த ஊர் சின்னது, யார் யாரை விட்டுவிட்டு எங்கே போனார் என்பது மறுநாள் காலைக் காப்பிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வானொலித் தேர்வில் இரண்டு தடவை தேறவில்லை. நன்றாகத்தான் பாடினேன். எதைப் பார்க்கிறார்கள்?
– சிவகங்கை வாசகி

உங்கள் மாவட்டம் எந்த வானொலி நிலையத்துக்கு உட்பட்டதோ அங்கே உள்ளூர்த் தேர்வு. அதைத் தாண்டினால் பதிவு மேல்குழுவுக்குப் போகும். தேறியவர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம். ‘வானொலிக் கலைஞர்’ என்ற ஒரு வரி இந்தப் பக்கத்துக் கோயில் அழைப்பிதழ்களில் இன்னும் செல்லுபடியாகிறது, பள்ளி வேலைக்கும் உதவுகிறது. விட்டுவிடாதீர்கள்.

‘நன்றாகப் பாடினேன்’ என்பது மேடைக் கணக்கு. அங்கே கேட்பது ஒலிவாங்கி மட்டும். கூட்டம் இல்லை, பக்கத்தில் தலையாட்ட ஆள் இல்லை. தவறுகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான். பட்டியலில் தோடி, பைரவி, கல்யாணி, காம்போதி என்று பெரிய ராகங்களாக எழுதிக் கொடுப்பது: நாலைந்து நிமிஷத்தில் தோடியின் முகத்தைக் காட்டிவிட்டு நிறுத்தத் தெரியாமல், கீழ்ஸ்தாயியில் உலாவிக்கொண்டிருக்கும்போதே ‘போதும்’ என்ற சத்தம் வந்துவிடும். எழுதிக் கொடுத்த ராகம் எல்லாவற்றிலும் மூன்று நிமிஷ ஆலாபனை ஒன்றைக் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். இரண்டாவது பிடியிலேயே ராகம் தெரிந்துவிட வேண்டும். அடுத்தது கல்பனாஸ்வரம்: எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) இல்லாத கிருதியைத் தேர்ந்து, பதற்றத்தில் சமத்தில் வந்து விழுவது. தேர்வுக்கு நேரான எடுப்புள்ள கிருதியே போதும், சாமர்த்தியத்தை மேடைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, தெலுங்கும் சமஸ்கிருதமும். தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தவர்கள் ‘க’வும் ‘ஹ’வும் ‘த’வும் ‘த4’வும் (மூச்சு அழுத்திச் சொல்லும் த) ஒன்றாகச் சொல்வார்கள். பதிவில் அது துல்லியமாகக் கேட்கும். மொழி தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு கிருதியையும் பாடாமல் வெறும் வசனமாகப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அதோடு, வீட்டில் உங்கள் பாட்டைத் தம்பூரா ஒலியோடு கைபேசியில் பதிந்து மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

மிருதங்கம் வாசிக்கிறேன். வீட்டில் சேர்த்த சுருதி மண்டபத்துக்குப் போனால் நிற்பதில்லை. ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. தோல் சரியில்லையா?
– சிவகாசி வாசகர்

தோலைக் குறை சொல்லுமுன் காற்றைப் பாருங்கள். காய்ந்த காற்றில் தோல் இறுகும், சுருதி ஏறும். ஈரக் காற்றில் தளரும், இறங்கும். சித்திரை வெயிலில் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மிருதங்கம் அரைக்கட்டை கூட ஏறி நிற்கும். ஐப்பசி மழையில் கருங்கல் மண்டபத்தில் உட்கார்ந்தால் தனி (மிருதங்கம் தனித்து வாசிக்கும் இடம்) வருவதற்குள் வலந்தலை (வலப்பக்கத் தோல்) சோர்ந்துவிடும். ஏ.சி. அரங்கம் என்றால் மறுபடி காய்ந்த காற்றின் பக்கம். மேடைக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய், உறையைக் கழற்றி, அந்த இடத்துக் காற்றில் வைத்துவிட்டு அதற்கப்புறம் சுருதி சேருங்கள். போன உடனே சேர்ப்பது இரட்டை வேலை.

சேர்க்கும்போது மூட்டை (தோலின் ஓரப் பின்னலை) மேலிருந்து கீழாகத் தட்டினால் ஏறும், கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தவறு நடப்பது வேறிடத்தில்: ஒரு கண் (வார் கோத்த இடம்) மட்டும் குறைகிறது என்று அங்கேயே நாலு தட்டுத் தட்டுவது. பதினாறு கண்ணில் ஒன்றை இழுத்தால் எதிர்ப்பக்கமும் அசையும். ஒன்றைத் தொட்டால் உடனே அதற்கு எதிரேயுள்ளதையும் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை பூசுவதிலும் பாதிக் கோளாறு வருகிறது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஐந்து நிமிஷம் ஊறவிட வேண்டும். ஊறாததைப் பூசினால் மேடையில் தோலின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு, காய்ந்து, வாசிக்கும்போதே விள்ளல் விள்ளலாகப் பெயரும். அதிகம் பூசினால் ‘தொம்’ அடைத்துப் போகும். கொஞ்சமாகத் தொடங்கி, கீழ் ஷட்ஜம் வரும்வரை கிள்ளிக் கிள்ளிச் சேர்த்துக்கொண்டே போங்கள். கச்சேரி முடிந்ததும் எத்தனை அசதியானாலும் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். விட்டு வைத்தால் தோல் விறைக்கும், எறும்பு வரும், கரப்பான் தோலையும் சேர்த்துக் கடிக்கும்.

பிழைப்பு என்று இறங்கியவர் ஹெச்சு (மேல் சுருதிக்கு) ஒன்று, தக்கு (கீழ் சுருதிக்கு) ஒன்று என இரண்டு வாத்தியமாவது வைத்திருக்க வேண்டும். ஒரே மிருதங்கத்தை 1 கட்டைக்கும் 5½ கட்டைக்கும் இழுத்துக்கொண்டிருந்தால் வார் சீக்கிரம் தளரும், வலந்தலை அடிக்கடி மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவை வருஷக் கணக்கில் கூட்டினால் இரண்டாவது மிருதங்கத்தின் விலை அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் நாதஸ்வரச் செட்டுக்குக் கல்யாண முகூர்த்தங்கள் வருகின்றன. ஆனால் மண்டபத்துக்குப் போனால் செண்டை மேளமும் வந்திருக்கிறது, டி.ஜே.யும் வந்திருக்கிறது. ஊர்வலத்தில் எங்களை ஓரம் கட்டிவிடுகிறார்கள். பேசிய பணத்திலும் கை வைக்கிறார்கள்.
– மேலூர் வாசகர்

இதை மண்டப வாசலில் தீர்க்க முடியாது, அச்சாரம் வாங்குகிற நாளில்தான் தீர்க்க முடியும். ‘கல்யாணத்துக்கு மேளம்’ என்று பொதுவாகப் பேசாதீர்கள். மாப்பிள்ளை அழைப்பு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, முகூர்த்தம் எத்தனை மணி வரை, எத்தனை பேர் (இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம், சுருதி என்றால் ஆறு பேர்), வேன் யாருடையது, மைக் யாருடையது, ஊர்வலத்தில் வேறு மேளம் உண்டா, உண்டென்றால் யார் முன்னால், யார் எப்போது நிறுத்துவது. இவை அத்தனையும் அச்சாரச் சீட்டில் வர வேண்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஆளுக்கொரு மேளம் பேசியிருப்பார்கள். அழைப்பு ஒருவர் செலவு, முகூர்த்தம் இன்னொருவர் செலவு என்றால் எந்தப் பகுதிக்கு எந்த வீட்டுப் பெரியவர் பணம் தருகிறார் என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்தபின் ‘அவங்க தருவாங்க’ என்று இரண்டு பக்கமும் கை காட்டுவது இப்படித்தான் தொடங்குகிறது.

மூன்றில் ஒரு பங்கு அச்சாரம், மூன்றில் ஒரு பங்கு அழைப்பு முடிந்த ராத்திரி, மீதி தாலி கட்டியதும் சாப்பாட்டுக்கு முன். பந்திக்குப் பிறகு என்று விட்டால் பணம் வைத்திருக்கும் மாமா போட்டோவுக்குப் போய்விடுவார்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, காலை ஆறு வரை. டி.ஜே.காரர்களுக்கும் இது பொருந்தும் என்பதை மண்டப மேலாளரிடம் நயமாக நினைவுபடுத்தலாம். உங்களுக்கு மைக் இல்லாமலும் சத்தம் உண்டு. அது உங்கள் பலம்.

ஒரு தொழில் குறிப்பு. ஆறு முகூர்த்தம் அடுத்தடுத்து வரும் வைகாசியில் ஒரே சீவாளியை (ஊதுகிற நாணல் நாக்கு) நம்பாதீர்கள். பழகிய சீவாளி குறைந்தது மூன்று கையிருப்பில் இருக்கட்டும். புதியதைக் கல்யாணத்தன்று முதன்முதலாகக் கெண்டையில் (சீவாளி பொருத்தும் உலோகக் குழாய்) சொருகினால் மேல்ஸ்தாயி கிழியும், கெட்டிமேளம் சொல்லும் நேரத்தில் காற்றுதான் வரும். செட்டில் கடைசிப் பையனுக்குச் சாதகத்தின் போது புதுச் சீவாளியைப் பழக்கக் கொடுத்து வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

பையன்களை முறையாகப் படிக்க வைக்க நினைத்தால் சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று வருஷப் படிப்பு. நாகசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளுக்கு இணையத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ந்து பாடினால் அவர்கள் பின்தங்குகிறார்கள். தம்பூரா சத்தமும் விட்டு விட்டுப் போகிறது.
– அண்ணாநகர் வாசகி

பிள்ளை பின்தங்கவில்லை, சத்தம்தான் தாமதமாகப் போகிறது. சேர்ந்து பாடுவதை இணையத்தில் மறந்துவிடுங்கள். நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி. தாளம் பிள்ளையின் கையில் மட்டும். நீங்களும் போட்டால் இரண்டும் முட்டும். தம்பூராவை உங்கள் பக்கம் வைக்காதீர்கள், பிள்ளையின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் காதுக்கு ஹெட்போனில் தனியாக ஒன்று. ஜூம் செயலி விடாமல் கேட்கும் தம்பூராவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதை இரண்டு பக்கமும் போட்டுவிட்டால் வெட்டாது. ஆனால் அப்போது ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் எதிரொலிக்கும்.

நேரம்: நியூயார்க் பக்கத்தில் வெள்ளி இரவு 9 மணி என்றால் கோடையில் நமக்குச் சனி காலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள், அதற்குப் பிறகு அதே வகுப்பு நமக்கு 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி 6.30. இந்த இரண்டு ஞாயிறையும் நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்தடுத்து வகுப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த வாரம்தான் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

யூடியூபில் நான் பாடிப் போட்ட தியாகராஜர் கிருதிக்கு ‘காப்பிரைட்’ என்று வருகிறது. தியாகராஜருக்கு யார் காப்பிரைட்?
– காரைக்குடி வாசகர்

யாருக்கும் இல்லை. தியாகராஜர் மறைந்தது 1847-இல். ஒரு நிறுவனம் வெளியிட்ட வேறொருவர் பதிவோடு உங்கள் மெட்டும் சுருதியும் ஒத்திருக்க, இயந்திரம் அதை அவர்கள் பதிவென்றே எடுத்துக்கொண்டது. ‘சொந்தமாகப் பாடியது, சாகித்தியம் பொதுவுடைமை’ என்று மறுப்பு கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம், பதில் இல்லையென்றால் உரிமைக்கோரல் நீங்கிவிடும்.

எல்லாப் பாட்டுக்கும் இதைச் சொல்ல முடியாது. இந்தியச் சட்டப்படி இயற்றியவர் மறைந்து 60 வருஷம் உரிமை இருக்கிறது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973, ஆக 2033 முடியும்வரை. நம் மதுரையின் அம்புஜம் கிருஷ்ணா மறைந்தது 1989, ஆக 2049 வரை. அவர் பாடல்கள் பலவற்றுக்கு மெட்டு அமைத்தவர்கள் வேறு, அந்த உரிமை தனி. இவற்றைப் பதிவு செய்து காசாக்க நினைத்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

சபாவில் வருமான வரி என்று பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு தருகிறார்கள். திரும்ப வருமா?
– விருதுநகர் வாசகர்

வரும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, நீங்கள் கட்ட வேண்டிய வரி பிடித்ததைவிடக் குறைவாக இருந்தால். 2025 ஏப்ரல் முதல், ஒரு அமைப்பு ஒரே நிதியாண்டில் உங்களுக்குத் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், ஆகவே கொடுத்துவிடுங்கள்.

எனக்கு 52 வயது. மாவட்ட விருதுகளுக்கு விண்ணப்பிக்க நேரம் கடந்துவிட்டதா?
– உசிலம்பட்டி வாசகர்

இல்லை. 18 வரை கலை இளமணி, 19–35 கலை வளர்மணி, 36–50 கலைச் சுடர்மணி, 51–65 கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. நீங்கள் நன்மணிக் கணக்கில் வருகிறீர்கள். மாவட்டக் கலை மன்றத்தின் அறிவிப்பைப் பத்திரிகையில் பாருங்கள். வயதுச் சான்று, பாடிய இடங்களின் அழைப்பிதழ்கள் கேட்பார்கள். பழைய அழைப்பிதழ்களைப் பரணில் கரையானுக்கு விடாமல் இன்றைக்கே ஒரு கோப்பில் போடுங்கள்.

கோயில் திருவிழாவில் பாட வாய்ப்புக் கேட்டு எழுதினால் பதிலே வருவதில்லை. யாரைப் பார்ப்பது?
– திருப்பரங்குன்றம் வாசகி

செயல் அலுவலருக்குக் கடிதம் கொடுப்பது முறை, கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பல கோயில்களில் அந்த நாளின் கச்சேரிக்குப் பணம் தருகிறவர் மண்டகப்படிக்காரர். போன வருஷத் திருவிழா அழைப்பிதழை எடுத்தால் எந்த நாள் யார் உபயம் என்று அச்சிட்டிருக்கும். அவர்களில் பாட்டுக் கேட்கிற வீடு எது என்று உங்கள் தெருப் பூக்காரருக்குத் தெரியும். திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்னால், கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் அல்ல, போய்ப் பாருங்கள். பத்து நிமிஷப் பதிவு ஒன்று கையில் இருக்கட்டும். அதில் அந்தக் கோயில் சாமி மேல் ஒரு பாட்டு கட்டாயம். எத்தனை பேர் வருவீர்கள், எவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்லுங்கள், மேடையும் மைக்கும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாடும் அன்று மங்களத்துக்கு முன் உபயதாரர் பெயரைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். அடுத்த வருஷம் கூப்பிட வேண்டியவர் அவர்தான்.